டிஷ்வாஷரை நாமே பொருத்தலாமா?

டிஷ்வாஷர் வாங்கலாமா, வேண்டாமா என்ற பேச்சு நம் வீடுகளில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அடிப்பிடித்த கடாய் சுத்தமாகுமா, குக்கர் உள்ளே அடங்குமா, கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்றெல்லாம் அலசி முடித்துத்தான் ஒருவர் கடைக்குப் போகிறார். ஆனால் அதை எங்கே வைப்பது, தண்ணீரை எங்கிருந்து எடுப்பது, கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்விகள் பெட்டி வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் எழுகின்றன. கம்பெனியிலிருந்து வரும் டெக்னீஷியன் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பாயிண்ட் இல்லையே மேடம், பிளம்பரை வெச்சு ரெடி பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிப் போய்விடுகிறார். அதன் பிறகு பிளம்பர் ஒரு நாள், எலெக்ட்ரீஷியன் ஒரு நாள், கொத்தனார் ஒரு நாள். ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்கிறார்கள். எது சரி என்று முடிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

2020-இல் ஊரடங்கு வந்து வீட்டு வேலைக்கு உதவியாளர்கள் வர முடியாமல் போனபோது, இந்தியாவில் டிஷ்வாஷருக்கான தேவை திடீரென்று கூடியது. அந்தச் சமயத்தில் இந்தக் குழப்பமும் பல வீடுகளுக்குப் பரவியது. பொருத்தும் வேலையை நாமே செய்யலாமா, எந்த அளவுக்குச் செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு வீடுகளை, குறிப்பாகச் சென்னை அடுக்குமாடி வீடுகளை, வைத்து இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அதில் பெரும்பகுதியை இயந்திரம் வாங்குவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். மின்சாரத்தில் மட்டும் தாண்டக் கூடாத ஒரு கோடு இருக்கிறது.

இயந்திரத்துக்கு முன் வீடு

பாத்திரம் கழுவ இயந்திரம் செய்யும் முயற்சி பழையது. அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் 1850-இல் கையால் சுற்றும் மரக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். உண்மையில் பயன்பட்ட முதல் இயந்திரத்தை உருவாக்கியவர் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன். அவருக்கு 1886 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் பலரைக் கவர்ந்தது. ஆயினும் வாங்கியவை ஓட்டல்களும் பெரிய நிறுவனங்களும்தான். சாதாரண வீடுகளில் அந்த இயந்திரத்துக்குப் போதுமான வெந்நீர் கிடைக்கவில்லை. 1924-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் வீட்டுக்கேற்ற சிறிய இயந்திரத்தை வடிவமைத்தார். முன்பக்கக் கதவு, கம்பித் தட்டு, சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கை என்று இன்றைய டிஷ்வாஷரின் அடிப்படைகள் அதிலேயே இருந்தன. ஆனாலும் மேலைநாட்டு வீடுகளில் அது பரவலாக நுழைய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. குழாய்த் தண்ணீர், வடிகால், மின்சாரம் மூன்றும் சமையலறைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகுதான் அது நடந்தது.

அந்த வரலாறு நமக்கும் பொருந்துகிறது. டிஷ்வாஷருக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் அது வந்து சேரும் வீடுதான். அளவுகளைப் பார்த்தாலே இது தெரியும். மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு வடிவமைத்த சமையலறையிலிருந்து தொடங்கி, ஐரோப்பாவில் சமையலறை ஒரே அளவான அறைகளும் அடுக்குகளும் கொண்டதாக மெல்ல மாறியது. இன்றைய டிஷ்வாஷரின் 60 செ.மீ. அகலமும் சுமார் 85 செ.மீ. உயரமும் அந்த மேடைகளுக்குக் கீழே நுழையக் கணக்கிடப்பட்டவை. நம் சமையலறை மேடையோ கொத்தனார் கட்டியது. கிரானைட் பலகை, அதைத் தாங்கும் கடப்பாக் கல், கல்லுக்குக் கல் மாறும் இடைவெளி என்று ஒவ்வொரு வீட்டிலும் அளவு வேறு.

இடம் தேடுதல்

ஆகவே முதல் கருவி அளவு டேப். மேடைக்குக் கீழே வைக்க விரும்பினால் தரையிலிருந்து கிரானைட்டின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். மேல்பக்கம் வரை அளந்தால் கணக்குத் தவறிவிடும். நம் பழைய மேடைகளில் இந்த உயரம் பெரும்பாலும் 80 செ.மீ.க்கும் குறைவாக இருக்கிறது. தனித்து நிற்கும் டிஷ்வாஷர்கள் பலவற்றில் மேல்மூடியைக் கழற்றினால் 3 செ.மீ. அளவு உயரம் குறையும். அப்போதும் 81 அல்லது 82 செ.மீ. தேவைப்படும். இந்த ஓரிரு செ.மீ.க்காகக் கடப்பாக் கல்லை அறுக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கல்தான் மேலே இருக்கும் கிரானைட்டையும் அடுப்பையும் தாங்குகிறது. கொத்தனார் பார்த்து, மாற்றுத் தாங்கல் கொடுக்காமல் அதைத் தொடக் கூடாது.

ஆழத்தையும் மறந்துவிடக் கூடாது. இயந்திரம் 60 செ.மீ.; பின்னால் குழாய்கள் நசுங்காமலிருக்க ஏறக்குறைய 5 செ.மீ.; கதவை முழுதாகத் திறந்தால் முன்னால் இன்னும் 60 செ.மீ. தட்டுகளை இழுத்து நிரப்ப, அருகில் ஒருவர் நிற்கவும் இடம் வேண்டும். இருபக்கமும் மேடை உள்ள குறுகிய சமையலறையில் கதவைத் திறந்தால் வழியே அடைபட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 45 செ.மீ. அகல மாடல்கள் கூடத் தீர்வாகாது. அவை அகலத்தில்தான் குறைவு, ஆழத்தில் அல்ல.

இதனால்தான் பல வீடுகளில் டிஷ்வாஷர் போய்ச் சேரும் இடம் சமையலறையை ஒட்டிய யுடிலிட்டி பகுதி. வாஷிங் மெஷினுக்காக அங்கே குழாயும் வடிகாலும் பவர் பிளக்கும் ஏற்கனவே இருப்பது பெரிய வசதி. ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் திறந்த பால்கனியில் மின் இயந்திரத்தை வைக்கக் கூடாது. அங்கே தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் மட்டம் பார்ப்பதில் கூடுதல் உழைப்பு வேண்டும். எலி நடமாட்டம் உள்ள இடமென்றால் அடியிலும் பின்னாலும் வலை அடிக்க வேண்டும்; ரப்பர்க் குழாயும் வயரும் எலிக்கு எளிதில் இரையாகும். சமையலறைக்குள்ளேயே வைப்பதாக இருந்தால், மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டர் இருக்கும் தடுப்புக்குள் இயந்திரத்தையோ அதன் பிளக்கையோ சேர்க்கக் கூடாது.

மேடைக்குக் கீழே பொருத்துவோர் இன்னொன்றும் செய்ய வேண்டும். கழுவி முடிந்து கதவைத் திறக்கும்போது வரும் ஆவி, அருகிலுள்ள பிளைவுட் அடுக்குகளை ஊறவைத்துக் கெடுக்கும். உள்ளடங்கிப் பொருந்தும் மாடல்களின் பெட்டிக்குள் இதற்கென்றே ஒட்டும் தகடு ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போடாமல் மேடையின் அடியில் ஒட்ட வேண்டும்.

தண்ணீர் வரும் வழி

இயந்திரத்துடன் வரும் நீர்க்குழாயின் நட்டு முக்கால் அங்குலம். நம் சிங்க்குக்கு அடியிலுள்ள ஆங்கிள் காக்கின் வாய் பெரும்பாலும் அரை அங்குலம். எனவே முக்கால் அங்குல வாய் உள்ள வாஷிங் மெஷின் காக்கோ, இரு வாய் கொண்ட ஆங்கிள் காக்கோ வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கும். சிங்க் குழாய் மேடையில் நிற்கும் வகையாக இருந்தால் அடியில் ஆங்கிள் காக் கட்டாயம் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். குழாய் சுவரிலிருந்து வந்தால் அடியில் லைன் இருக்காது. அப்போது சுவரை உடைத்துப் புதிய லைன் எடுப்பதைவிட யுடிலிட்டிக் குழாயிலிருந்து கிளை எடுப்பது எளிது.

வேலையைத் தொடங்குமுன் சமையலறை லைனின் கேட் வால்வை மூட வேண்டும். அடுக்குமாடியில் அது மொட்டைமாடியிலோ குழாய்கள் இறங்கும் டக்டிலோ இருக்கும். எது யாருடையது என்று அசோசியேஷனில் கேட்டுத் தெரிந்துகொண்டு மூடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. ஆங்கிள் காக்கைச் சுவரில் முறுக்கும்போது மரைமேல் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். ஆனால் இயந்திரக் குழாயின் நட்டுக்கு டேப் தேவையில்லை. அங்கே கசிவைத் தடுப்பது உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர். அந்த வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் வாஷர் நசுங்கும், பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும்.

இணைப்பதற்கு முன் காக்கைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை வெளியே விட வேண்டும். தொட்டியின் மணலும் பைப் அறுத்த தூளும் முதலில் வெளியேறட்டும். இல்லையென்றால் அவை இயந்திரத்தின் நுழைவாயில் சல்லடையை அடைத்துவிடும். நீர்க்குழாயின் முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அது கசிவு நேர்ந்தால் தானே தண்ணீரை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு. அதற்குள் மின்கம்பி ஓடும் மாடல்கள் உண்டு. அந்தக் குழாயை அறுக்கவோ, அந்தப் பெட்டியைத் தண்ணீரில் நனைக்கவோ கூடாது.

அடுத்தது அழுத்தம். பெரும்பாலான டிஷ்வாஷர்களுக்குக் குறைந்தது 0.5 பார், அதிகபட்சம் 10 பார் அழுத்தம் வேண்டும். நம் வீடுகளில் அழுத்தத்தைத் தருவது மாடித் தொட்டியின் உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார், ஆகவே 0.5 பாருக்கு 5 மீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி 3 மீட்டர், தொட்டி நிற்கும் பீடம் ஒரு மீட்டர் என்றால், அந்த வீட்டு சிங்க் அடியிலுள்ள காக்குக்கும் தொட்டிக்கும் இடையே மூன்றரை முதல் நான்கு மீட்டர்தான். அழுத்தம் 0.4 பாரைத் தாண்டாது. அடுத்த கீழ்மாடியிலோ அது 0.6 பாருக்கு மேல் வந்துவிடும். ஒரே மாடல், ஒரே கட்டடம். கீழ்வீட்டில் நன்றாக ஓடுவது மேல்வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். மேல்மாடியில் இருப்போர் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் சோதிக்க எளிய வழி உண்டு. டிஷ்வாஷர் இணையப்போகும் குழாயை முழுதாகத் திறந்து, பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்பது சில கையேடுகளே கேட்கும் அளவு.

உப்புத் தண்ணீர் என்னும் பெரிய கேள்வி

பொருத்தும் வேலையில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இதுதான். பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நிறைந்திருக்கும். சூடாகும்போது அவை வெள்ளைப் படிவாக ஹீட்டரிலும் கண்ணாடி டம்ளரிலும் ஒட்டிக்கொள்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாக வைக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீர் இந்த இரண்டாவது வரம்பையும் தாண்டுவதுண்டு.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆர்.ஓ. விற்பவர் கொண்டுவரும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர், நீரில் கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். டிஷ்வாஷருக்குத் தேவையான எண் கடினத்தன்மை மட்டும். டி.டி.எஸ். எண்ணைப் பார்த்து இயந்திரத்தை அமைத்தால் கணக்குத் தப்பும். கடினத்தன்மையை அறியத் தனிச் சோதனைத்தாள் கிடைக்கிறது. பல டிஷ்வாஷர்களுடனே ஒன்று வரும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். கையேட்டில் இந்த அளவு பெரும்பாலும் ஜெர்மன் பாகையில் இருக்கும். ஒரு பாகை என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், ஆகவே 600 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 34 பாகை.

ஐரோப்பிய முறையில் செய்த இயந்திரங்களுக்குள் நீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பிசின் மணிகள் நீரிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும், அடியிலுள்ள அறையில் நாம் கொட்டிய உப்பின் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கிறது. எத்தனை முறைக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும் என்பதை, நாம் பதியும் கடினத்தன்மை எண்ணை வைத்தே இயந்திரம் முடிவு செய்கிறது. தொழிற்சாலையில் வைத்த எண்ணை அப்படியே விட்டுவிட்டால் நம் போர் தண்ணீருக்கு அது போதாமல் போகலாம். பாத்திரத்தில் வெள்ளைத் திரை படியும். இயந்திரத்தின் மேல் பழி விழும். இத்தகைய பல மாடல்கள் 50 பாகை வரை, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 890 மில்லிகிராம் வரை, சமாளிக்கும். அதற்கும் மேல் என்றால் வீட்டு லைனிலேயே மென்மையாக்கி வைக்க வேண்டும். சிறிய மேசைமேல் மாடல்கள் சிலவற்றிலும் அமெரிக்கச் சந்தைக்கான பல மாடல்களிலும் இந்தப் பகுதியே கிடையாது. வாங்குமுன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

உப்பு அறையை முதன்முறை மட்டும் தண்ணீரால் நிரப்பி, பிறகு டிஷ்வாஷருக்கென விற்கும் கல் உப்பைக் கொட்ட வேண்டும். சமையல் தூள் உப்பு வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் அயோடினும் கட்டிபிடிக்காமலிருக்கப் போடும் பொருளும் மணிகளுக்கு ஆகாது. வெளியே சிந்திய உப்புநீர் எவர்சில்வர் உட்சுவரை அரிக்கும் என்பதால் கொட்டிய உடனே ஒரு முறை இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீரை டிஷ்வாஷருக்குத் திருப்பும் யோசனை சிக்கனமாகத் தோன்றினாலும் தவறு; அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். கோடையில் மெட்ரோ தண்ணீரிலிருந்து லாரித் தண்ணீருக்கு மாறும் வீடுகளில், நீராதாரம் மாறும்போதெல்லாம் கடினத்தன்மையைச் சோதித்து எண்ணை மாற்ற வேண்டும்.

கழிவுநீர் போகும் வழி

டிஷ்வாஷர் தன் கழிவுநீரைப் பம்ப் மூலம் மேலேற்றி வெளியே தள்ளுகிறது. எனவே வடிகுழாயின் முனைக்கு உயர வரம்பு உண்டு. பொதுவாகத் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமலும் 100 செ.மீ.க்கு அதிகம் மேற்படாமலும் இருக்க வேண்டும். அந்தந்த மாடலின் கையேடு சொல்லும் அளவே முடிவு. மிக உயர்ந்தால் பம்ப் திணறும். மிகத் தாழ்ந்தால், குழாய் வழியே நீர் தானாக உறிஞ்சப்பட்டு, இயந்திரம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும். வாஷிங் மெஷின் குழாயைப் போல அதைத் தரை டிராப்புக்குள் தள்ளிவிடும் வழக்கத்தால் வரும் கோளாறு இதுதான். தரையில்தான் விட வேண்டும் என்றால் முதலில் இயந்திரத்தின் பின்னால் குழாயை உயர்த்தி வளைத்துக் கட்டி, பிறகு கீழே இறக்க வேண்டும். முனை தேங்கிய நீரில் மூழ்காமல் காற்று புக இடம் இருக்க வேண்டும்.

சிங்க்கின் கழிவுக் குழாயோடு சேர்ப்பவர்களும் குழாயை மேடையின் அடிப்பக்கம் வரை உயர்த்திக் கிளிப் அடித்த பிறகே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்க்கில் அடைப்பு வரும்போது அழுக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குள் திரும்பும். சிங்க் கழிவுக் குழாயில் இதற்கென உள்ள கிளை வாய் புதிதாக இருக்கையில் உள்ளே சவ்வு போன்ற அடைப்போடு வரும். அதை வெட்டி எடுக்காமல் குழாயை மாட்டிவிட்டு, தண்ணீர் வடியவில்லை என்று சர்வீஸுக்கு அழைப்பது உலகம் முழுக்க நடக்கும் தவறு.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பால்கனியில் இறங்கும் மழைநீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று டிஷ்வாஷர் கழிவை அதில் விடுவது பெரும் தவறு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாய் பல கட்டடங்களில் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. எண்ணெயும் சோப்பும் உப்பும் கலந்த நீர் அதில் இறங்கினால், நாமே உறிஞ்சிக் குடிக்கும் நிலத்தடி நீர் கெடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மின்சாரம்: கோடு எங்கே?

டிஷ்வாஷரின் ஹீட்டர் ஓடும்போது ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். எனவே 6 ஆம்பியர் சாதாரண பிளக் உதவாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். மிக்ஸி பிளக்கில் கன்வெர்ட்டர் வைத்து மாட்டுவதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுப்பதும் தீ விபத்துக்கு வழி. கீசரும் மைக்ரோவேவும் இருக்கும் அதே லைனில் இதையும் சேர்த்தால் எம்.சி.பி. அடிக்கடி விழும். விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி. மாற்றினால் சுவருக்குள் வயர் சூடாகும். சரியான வழி, மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதற்கென தனி எம்.சி.பி., அளவுக்கேற்ற தடிமனான செம்பு வயர். பிளக், இயந்திரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. மேடைக்கு அடியிலுள்ள பக்கத்துத் தடுப்பில், குழாய் இணைப்புகளுக்கு மேலான உயரத்தில், அவசரத்தில் கை எட்டும்படி இருக்க வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் என்பதால் எர்த் இணைப்பு உயிர்நாடி. பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நம்பிவிட முடியாது. பழைய கட்டடங்களில் அதன் பின்னால் வயரே இல்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது உண்மையில் விழுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபகரணம் போன்றவற்றை இணைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில் மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. அதற்கு மேலான மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமே செய்ய வேண்டும் என்கின்றன. ஆக, இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் டிஷ்வாஷரை மாட்டுவது நம் வேலை. புதிய லைன் இழுப்பதும் போர்டைத் திறப்பதும் நம் வேலையல்ல. நான் சொன்ன கோடு இதுதான். கைத்திறமையை நம்பி யாரும் இதைத் தாண்ட வேண்டாம்.

இணையத்தில் பரவும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துச் செய்வோருக்கும் ஓர் எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 120 வோல்ட். பல வீடுகளில் பிளக் இல்லாமல் நேரடியாக வயர் முறுக்குகிறார்கள். வெந்நீர் லைனில் இணைக்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் இயந்திரங்கள் குளிர்ந்த நீரில் இணைத்து, உள்ளே சூடாக்கிக்கொள்பவை. மாடியில் சோலார் ஹீட்டர் இருந்து அந்த லைனில் இணைக்க நினைப்பவர்கள், தங்கள் மாடல் ஏற்கும் உச்ச வெப்பநிலையைக் கையேட்டில் பார்க்க வேண்டும். பல மாடல்களுக்கு அது 60 பாகை செல்சியஸ்.

மட்டமும் முதல் ஓட்டமும்

இயந்திரம் நன்றாகவே கனக்கும். கதவைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இருவர் சேர்ந்து நிமிர்ந்த நிலையிலேயே நகர்த்த வேண்டும். டைல்ஸில் கீறல் விழாமலிருக்க, பெட்டி அட்டையை அடியில் போட்டு நகர்த்தலாம். புத்தம்புது இயந்திரத்துக்குள் சில துளித் தண்ணீர் இருந்தால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைச் சோதனையில் மிஞ்சியது. இடத்தில் நிறுத்திய பிறகு ரசமட்டத்தைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் வைத்து, அடிக்கால்களைத் திருகி மட்டம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கதவு சரியாக மூடாது. விளிம்பில் தண்ணீர் கசியும். மேடைக்குக் கீழே மூடியில்லாமல் வைத்த இயந்திரத்தைப் பக்கங்களோடு திருகாணியால் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகள் நிறைந்த கனத்தில், கதவைத் திறந்ததும் முன்னால் கவிழ வாய்ப்புண்டு.

முதல் ஓட்டம் பாத்திரமே இல்லாமல், டிஷ்வாஷர் பவுடர் மட்டும் போட்டு, சூடு அதிகமான திட்டத்தில் நடக்கட்டும். கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஊற்றினால் நுரை பொங்கி வெளியே வழியும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். தண்ணீர் எடுக்கும்போது ஒருமுறை, வெளியேற்றும்போது ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதல் சில நாட்கள் ஆளில்லாத நேரத்தில் ஓட்டாமலிருப்பதும், வெளியூர் போகும்போது காக்கை மூடுவதும் நல்ல பழக்கம்.

யார் செய்வது?

நிறுவனங்கள் பல, முதல் பொருத்தலை இலவசமாகச் செய்து தருகின்றன. வாரண்டி அட்டையில், தங்கள் ஆள்தான் பொருத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அவரே கடைசி இணைப்பைச் செய்யட்டும். அப்போதும் இங்கே சொன்ன எல்லாவற்றையும் வீட்டுக்காரர் அறிந்திருப்பது வீண்போகாது. அவர் வந்து போவது கொஞ்ச நேரம். அழுத்தமும் கடினத்தன்மையும் எர்த்தும் சரியா என்று அவர் அளந்து பார்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

சரியாகப் பொருத்துவதால் கிடைக்கும் பயன் சிறியதல்ல. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஆய்வில், ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரைப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சொல்லிப் பார்த்தார்கள். சராசரியாக 103 லிட்டர் தண்ணீர் செலவானது. அவர்களுடைய பழக்கம் வேறு, நம் பழக்கம் வேறு; எனினும் இன்றைய முழு அளவு டிஷ்வாஷர் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 லிட்டரில் வேலையை முடிக்கிறது. தண்ணீருக்காக லாரியை எதிர்பார்க்கும் நகரத்தில் அது மதிப்புள்ள சேமிப்பு. அழுத்தம் குறைந்து, உப்பு எண் தவறி, பாத்திரம் வெள்ளை பூத்து மீண்டும் கையால் அலச நேர்ந்தால், அந்தச் சேமிப்பு முழுதும் போய்விடும்.

சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ, அவரே இந்த அளவுகளை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்கள். குழாயும் ஸ்பானரும் தங்களுக்கு உரியதல்ல என்று அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை; இந்த இயந்திரத்துக்கு வழிகாட்டியவரே ஒரு பெண்தான். புதிதாக வீடு கட்டுவோர், வரைபடத்திலேயே சிங்க்குக்குப் பக்கத்தில் 60 செ.மீ. இடமும் முக்கால் அங்குலக் காக்கும் வடிகால் வாயும் தனி 16 ஆம்பியர் லைனும் கேட்டு வாங்குங்கள். இருக்கும் வீட்டில் வைப்போர், பணம் கட்டுவதற்கு முன் இடத்தை அளந்து, வாளியில் நீரோட்டம் பார்த்து, கடினத்தன்மையைச் சோதித்து, எர்த்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர், வடிகால், மட்டம், சோதனை ஓட்டம் ஆகியவற்றை நீங்களே தாராளமாகச் செய்யலாம். மின் லைனை மட்டும் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.